பாய்சியில் சிங்கிள் ட்ராக் (ஒற்றையடிப் பாதை): மழை பெய்த மறுநாள் பைக் ஓட்டலாமா?

புதுச்சக்கரம்:
டாலஸிலிருந்து வேலை மாறி ஐடஹோ மாநிலம் பாய்சிக்கு வந்திருக்கிறோம். வந்ததும் செய்த முதல் பெரிய செலவு ஒரு மவுண்டன் பைக் (வீட்டில் இன்னும் சோபா இல்லை, அந்தச் சண்டை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது). குன்றுப் பாதைகள் தொடங்குகிற கேமல்ஸ் பேக் பூங்கா வீட்டுக்குப் பக்கம்தான். வெள்ளி இரவு மழை, சனி காலை பளிச்சென்று வெயில். சரி என்று கிளம்பினால், பாதை தொடங்குகிற இடத்தில் நாயோடு வந்த ஒரு பெரியவர் மரியாதையாகத்தான் நிறுத்தி, "இன்றைக்கு வேண்டாம், தடம் பதியும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குப் புரியவில்லை. இது கிட்டத்தட்ட பாலைவனம் மாதிரியான ஊர். எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறப் புதர், மரம் கிடையாது. சென்னையில் ஒரே ராத்திரியில் கொட்டுகிற மழைதான் இங்கே சில மாதங்களுக்கே கிடைக்கிறது போலிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தூறலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் ஏன்? அப்புறம், ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத பைக்) போதுமா, டயர் என்ன போடுவது, இதையும் யாராவது சொல்லுங்கள்.

சாயங்காலச் சவாரி:
பெரியவர் சொன்னது சரி. ஹார்ட்டெயில் தாராளமாகப் போதும். மற்றதை ஒத்தையடி வந்து சொல்வார், இந்த விஷயத்தில் அவர் பேச ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது.

ஒத்தையடி:
வந்துவிட்டேன்.

புதுச்சக்கரம், உங்கள் சந்தேகம் நியாயமானது. பாய்சியில் ஆண்டு மழை 30 செ.மீ. அளவுதான், சென்னையில் ஏறத்தாழ 140. ஆனால் இங்கே எவ்வளவு பெய்கிறது என்பதைவிட எப்போது பெய்கிறது என்பதுதான் முக்கியம். நம் ஊரில் மழை பெய்து முடிந்ததும் வெயில் வந்து மண்ணைக் காய வைத்துவிடும். இங்கே ஈரம் வருவது நவம்பரிலிருந்து மே வரை, அதிலும் பாதி நாள் வெயிலுக்குச் சூடே இருக்காது. இரவில் மேல்மண் உறைந்து உப்பிக்கொள்ளும். காலையில் வெயில் பட்டதும் மேலே ஒரு அங்குலம் மட்டும் இளகும், அடியில் இன்னும் உறைந்தே இருக்கும். இளகிய தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லை. அதனால் மேலே இருப்பது பசை மாதிரி ஆகிவிடும். நீங்கள் பளிச்சென்ற வெயில் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் வம்பே. அதே சனிக்கிழமை விடியற்காலை கடுங்குளிராக இருந்து, தரை கல்லாக உறைந்திருக்கும்போதே போய் அது இளகுவதற்குள் இறங்கியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மண்ணும் ஒரே மாதிரி இல்லை. நகரத்தை ஒட்டிய அடிவாரக் குன்றுகள் பழங்காலத்தில் இங்கே இருந்த ஒரு பெரிய ஏரியின் அடியில் படிந்தவை. புவியியல்காரர்கள் அதை ஐடஹோ ஏரி என்பார்கள். மணல் ஒரு அடுக்கு, களி ஒரு அடுக்கு என்று மாறி மாறி வரும். மேலே ஏற ஏறக் கருங்கல் மக்கி உதிர்ந்த பருமணல். மணல் பகுதியில் மழை பெய்தால் பாதை இன்னும் நன்றாக இறுகும், மறுநாளே ஓட்டலாம், ஓட்டவும் சுகம். களி பகுதியில் ஒரு வாரம் ஆனாலும் ஆகும். ஒரே பாதையில் முதல் அரை மைல் மணலாக இருந்து ஒரு வளைவு தாண்டியதும் களி வந்துவிடும். தெற்குப் பார்த்த சரிவு சீக்கிரம் காயும், வடக்குப் பார்த்ததும் ஓடைப் பள்ளமும் கடைசியில்தான் காயும். இந்தப் பாதைகளைப் பராமரிக்கிற ரிட்ஜ் டு ரிவர்ஸ் அமைப்பின் இணையதளத்தில் பாதைகளின் நிலையைப் போடுகிறார்கள், ஈரத்திலும் போகக்கூடிய பாதைகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. கிளம்பும் முன் பாருங்கள். அதையும் மீறிச் சந்தேகம் வந்தால் நூறு அடி போய்த் திரும்பிப் பாருங்கள், உங்கள் டயர் தடம் குழியாகத் தெரிந்தால் வந்த வழியே வீடு.

வேகவிரும்பி:
ஒத்தையடி சாரின் உரையை மதிக்கிறேன், ஆனால் ஒரு பக்கமாகவே பேசுகிறார். குதிரை ஒன்று நடந்து போனால் ஏற்படும் குழியில் பாதிகூட என் டயர் போடாது. ஓடுகிறவர்கள், நாயோடு நடக்கிறவர்கள் எல்லாரும் அதே சேற்றில்தான் போகிறார்கள், தடுத்து நிறுத்துவது மட்டும் பைக்காரனை. இதில் கொஞ்சம் ஊர்க்காரத் திமிரும் உண்டு, புதிதாக வந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பொது நிலம், வரி கட்டுகிறோம், பாதை ஓட்டுவதற்குத்தானே? வசந்தம் வந்தால் அதுவே ஆறிவிடும்.

மாடிவீட்டுக்காரி:
புதிதாக வந்தவரை மட்டும் நிறுத்துகிறார்கள் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். குதிரையில் வந்த ஒருவரை இதே மாதிரி திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடக்கிறவர்களுக்கும் அதே விதிதான். ஆனால் சொல்கிற தொனி சில பேரிடம் சரியில்லை, அது உண்மை.

கரிசல்காட்டான்:
நான் கோவில்பட்டிப் பக்கம். களிமண்ணைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், மழைக்காலத்தில் சைக்கிள் மட்கார்டுக்குள் கரிசல் அடைத்துக்கொண்டு, குச்சியால் தோண்டித் தோண்டித் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். பாய்சி களி அதற்குத் தம்பி முறை. வேகவிரும்பி, "அதுவே ஆறிவிடும்" என்கிறீர்களே, எப்படி ஆறும்? ஏப்ரலில் உங்கள் தடம் அப்படியே காய்ந்து செங்கல்லாகிவிடும். அதற்கப்புறம் கோடை முழுக்கச் சொட்டு மழை இருக்காது. அடுத்த ஈரம் வரும்போது தண்ணீர் எங்கே ஓடும்? நீங்கள் வெட்டி வைத்த வாய்க்காலில்தான். சரிவில் அந்தக் கோடு பள்ளமாகும், பள்ளம் ஓடையாகும். மழை அதிகமுள்ள இடமானால் புல் முளைத்து மூடிவிடும், இங்கே மூடுவதற்கு ஆளில்லை.

ஒத்தையடி:
கரிசல்காட்டான் சொன்னதோடு இன்னொன்று சேர்க்க வேண்டும், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பாதையைச் சரிசெய்ய மண்ணில் ஈரம் வேண்டும். காய்ந்த மண்ணை எவ்வளவு அள்ளிப் போட்டு மிதித்தாலும் அது தூள்தான், இறுகாது. ஆகவே பராமரிப்பு வேலை செய்ய முடிவது வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மண் பதமாக இருக்கும் சில வாரங்கள்தான். நாம் சேற்றில் ஓட்டத் துடிக்கிறதும் அதே வாரங்களில்தான். 190 மைலுக்கு மேல் பாதை இருக்கிறது, ஆட்களோ கொஞ்சம். புதிதாக வளைவைச் சீர்படுத்துவார்களா, போன வாரம் நாம் போட்ட குழியை மூடுவார்களா?

பொது நிலம் என்று சொன்னீர்கள். முழுக்க அப்படி இல்லை. ரிட்ஜ் டு ரிவர்ஸ் என்பது 1992இல் தொடங்கிய ஒரு கூட்டு ஏற்பாடு. நகராட்சி, கவுண்டி, மத்திய நில நிர்வாகத் துறை, வனத்துறை, மாநில மீன் வனவிலங்குத் துறை என்று பலருடைய நிலத்தில் பாதை போகிறது. நடுவில் தனியார் நிலத்துண்டுகளும் உண்டு, உரிமையாளர் சம்மதித்ததால் மட்டும் போகிறோம். அவர் மனம் மாறினால் பாதைக்கு நடுவில் வேலி. அப்புறம் வரி. 2001இல் இந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் மேல் தாங்களே ஒரு கோடி டாலர் வரி போட்டுக்கொண்டார்கள், இந்தக் குன்றுகளில் வீடு கட்டிவிடாமல் நிலத்தை வாங்கிப் பாதுகாக்க. 2015இல் இன்னொரு கோடிக்கும் சம்மதித்தார்கள். வரியே கூடாது என்று பேசுகிறவர்கள் அதிகமுள்ள மாநிலம் இது. அதில் இப்படி நடந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம். அந்தப் பெரியவர் உங்களை நிறுத்தியதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

வேகவிரும்பி:
சரி, தனியார் நிலம் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் சேற்றை ஒதுங்கி ஓரமாகப் போனால் தடம் பதியாதே? நான் பெரும்பாலும் அப்படித்தான் போகிறேன். புதருக்கு என்ன ஆகிவிடப் போகிறது, ஆயிரக்கணக்கான ஏக்கரில் அதுதானே இருக்கிறது.

ஒத்தையடி:
ஐயோ, எல்லாவற்றையும்விட மோசம் அதுதான். சேற்றில் போய்விட்டீர்கள் என்றால் நடுவிலேயே போய்த் தொலையுங்கள், ஓரம் மட்டும் ஏறாதீர்கள்.

அந்தச் சாம்பல் புதரின் பெயர் சேஜ்பிரஷ். கசக்கி முகர்ந்து பாருங்கள், நம் மாசிப்பத்திரிக்கு உறவு, அதே ஆர்ட்டிமீசியா இனம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பல பத்தாண்டுகள் வாழும், நூறு வயதுச் செடிகளும் உண்டு. ஒடித்துப் போட்டால் அல்லது எரிந்துபோனால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்காது, விதையிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். நீங்கள் ஓரத்தில் ஏறி மண்ணைக் கிளறினால் அந்த வெற்றிடத்தில் முதலில் வந்து உட்காருவது சீட்கிராஸ் என்கிற வெளியூர்ப் புல். யூரேசியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது. இலையுதிர் காலத்தில் முளைத்து, வசந்தத்தில் மற்றவை எழுவதற்குள் ஈரத்தைக் குடித்து, ஜூனில் காய்ந்து வைக்கோலாக நிற்கும். உங்கள் காலுறையில் குத்துகிற அந்த முள்விதை இதுதான். சேஜ்பிரஷ் செடிகளுக்கு நடுவே இயல்பாக வெறும் மண் இருக்கும், நெருப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது கஷ்டம். சீட்கிராஸ் அந்த இடைவெளியை நிரப்பி எல்லாவற்றையும் திரியால் இணைத்துவிடுகிறது. எரிந்த இடத்தில் மறுபடி சீட்கிராஸே அதிகமாக முளைக்கும், அது மறுபடி சீக்கிரம் எரியும்.

2016 ஜூன் கடைசியில் டேபிள் ராக் குன்றில் தடை செய்யப்பட்ட பட்டாசால் தீப்பிடித்து 2,500 ஏக்கர் வரை போனது, ஒரு வீடும் எரிந்தது. அதற்கு முன் 1996இல் எட்டாவது தெருப் பக்கம் பிடித்த தீ 15,000 ஏக்கர். அந்த வருஷம் நகரம் பயந்தது தீக்காக மட்டும் இல்லை, செடி போன சரிவில் ஒரு இடிமழை பெய்தால் குன்றே சேறாக இறங்கி ஊருக்குள் வரும் என்பதற்காகவும்தான். 1959இல் அப்படித் தீக்குப் பின் சேற்று வெள்ளம் வந்து பார்த்த ஊர் இது. அதனால் சரிவுகளில் குறுக்குக் குறுக்காக வரப்பு வெட்டினார்கள். டயர் தடத்துக்கும் இதற்கும் நேரடியாக முடிச்சுப் போடவில்லை, போட்டால் மிகையாகிவிடும். பாதை ஒரு முழம் அகலமானால் பாதை ஓரத்துச் சீட்கிராஸும் அகலமாகும், அவ்வளவுதான் சொல்கிறேன்.

சாயங்காலச் சவாரி:
நான் சொன்னேனா இல்லையா, நிறுத்த மாட்டார் என்று.

புதுச்சக்கரம்:
இல்லை இல்லை, சொல்லட்டும், எனக்கு இதெல்லாம் வேண்டும். மாசிப்பத்திரிக்கு உறவு என்பதைக் கேட்டு மனைவியே இந்த இழையைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சேறு விஷயம் புரிந்தது, மணல் பாதைகளின் பட்டியலைப் பார்த்து அங்கே போய்க்கொள்கிறேன். இப்போது டயர். நேற்று வெறுமனே தெருவில் ஓட்டிவிட்டு வந்தேன், காலையில் இரண்டு சக்கரமும் தரையோடு தரை. வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் முள், நம் ஊர் நெருஞ்சி மாதிரியே இருக்கிறது.

மாடிவீட்டுக்காரி:
மாதிரி இல்லை, நெருஞ்சியேதான். டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ், நம் ஊர்ச் சிறுநெருஞ்சி. இங்கே கோட்ஹெட் என்பார்கள், ஆட்டுத்தலை மாதிரி இரண்டு கொம்பு இருப்பதால். எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். இந்த ஊர் சைக்கிள்காரர்கள் இதன் பெயரில் ஒரு திருவிழாவே நடத்துகிறார்கள், அதற்கு முன்னால் கூட்டமாகப் போய்ச் செடியைப் பிடுங்குவார்கள். கோடையில் நானும் பிள்ளைகளோடு போவேன். மஞ்சள் பூ பூத்துக் காய் பச்சையாக இருக்கும்போதே வேரோடு எடுத்து மூடிய பையில் போட வேண்டும், காய்ந்த பிறகு பிடுங்கினால் நாமே விதைத்த மாதிரி. இதைக் கட்டுப்படுத்த இந்தியா, பிரான்ஸ், இத்தாலியில் இயல்பாக வாழும் இரண்டு வகைக் கூன்வண்டுகளை 1961இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று விதையைத் தின்னும், ஒன்று தண்டைத் துளைக்கும். ஆனாலும் செடி இன்னும் நம்மோடுதான் இருக்கிறது.

முக்கியமான விஷயம்: நெருஞ்சி மேலே குன்றில் அவ்வளவாக இல்லை. அது மனிதர் கிளறிய மண்ணைத் தேடி வரும். வண்டி நிறுத்துமிடம், தெரு ஓரம், நடைபாதை விளிம்பு. பாதி பஞ்சர் பாதைக்குப் போய்ச் சேரும் முன்பே ஆகிவிடும். வண்டி நிறுத்துமிடத்தின் சரளை ஓரத்தில் பைக்கை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு நடங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கரிசல்காட்டான்:
ட்யூபைக் கழற்றி எறிந்துவிட்டு ட்யூப்லெஸ் ஆக்குங்கள், உள்ளே சீலண்ட் ஊற்றுங்கள். இங்கே அது வசதிக்காக இல்லை, இல்லாவிட்டால் ஓட்டவே முடியாது. முள் ஏறியிருந்தால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பிக் கொஞ்சம் பொறுங்கள், சீலண்ட் வந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் அது ரப்பர் பால், இந்த வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்து உள்ளே தோலாக ஒட்டிவிடும். புட்டியில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் கோடையில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதோரம் குலுக்கிப் பாருங்கள், சளசளவென்று கேட்கவில்லை என்றால் ஊற்ற வேண்டிய நேரம். எதற்கும் பையில் ஒரு ட்யூப் இருக்கட்டும்.

வேகவிரும்பி:
டயர் பேச்சு என்றால் நானும் வருகிறேன், இதிலாவது என்னைத் திட்ட மாட்டீர்கள். 2.4 அங்குல அகலம், முன்சக்கரத்தில் ஓரக் கட்டைகள் நன்றாக நிற்கிற டயர். காற்று 20 முதல் 25 பிஎஸ்ஐக்குள், உடல் எடையைப் பொறுத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜூலை வந்துவிட்டால் இந்த ஊர்ப் பாதை வேறு ஆள். அடியில் சிமெண்ட் மாதிரி இறுகிய தரை, அதன் மேல் உருண்டை உருண்டையாகப் பருமணல். வளைவுக்குள் போய் முன் பிரேக்கைத் தொட்டீர்களோ, அடுத்த நொடி முன்சக்கரம் உங்களை விட்டுப் போயிருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். உள்ளே வந்தபின் பிரேக்கை விட்டு, பைக்கை மட்டும் சாய்த்து, வெளிப்பக்கப் பெடலில் எடையை வைத்து, கண் வளைவின் முடிவில். பயந்து பின்னால் உட்கார்ந்தால்தான் விழுவீர்கள், முன்சக்கரத்தில் எடை இருந்தால்தான் அது மண்ணைக் கடிக்கும். இதை ஈரமண்ணில் பழகி வந்தவர்கள் நம்ப மாட்டார்கள், விழுந்தபின் நம்புவார்கள்.

சாயங்காலச் சவாரி:
இதை அப்படியே வழிமொழிகிறேன். கோடையில் கூடவே: 38 டிகிரி, நிழல் கிடையாது, பாதையில் எங்கும் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் வீடு, அல்லது என்னைப் போலப் பொழுது சாயும்போது. ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்தால் காற்றின் தரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். மலைமேல் போகஸ் பேசின் பனிச்சறுக்கு மையம் இருக்கிறது, ஊர் 2,700 அடி, அது ஆறாயிரம் அடிக்கு மேல், பைன் மரமும் குளிர்ச்சியும் உண்டு. ஜூலையில் நான் பெரும்பாலும் அங்கேதான். பாம்பு பற்றி யாரும் சொல்லவில்லை. ரேட்டில் ஸ்நேக் என்கிற விஷப்பாம்பு உண்டு, இளவெயிலில் பாதையில் படுத்திருக்கும். நின்று, தள்ளி, அது போகும்வரை காத்திருங்கள். தாண்டிக் குதிக்கிற சாகசம் வேண்டாம். வாலை ஆட்டிப் பயமுறுத்துகிறதெல்லாம் ரேட்டில் ஸ்நேக்கும் இல்லை, விஷமில்லாத கோஃபர் ஸ்நேக் அப்படி நடிக்கும், ஆனால் அந்த ஆராய்ச்சியும் தூர இருந்தே.

புதுச்சக்கரம்:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. கீழ் ஹல்ஸ் கல்ச் பாதையில் ஏதோ தேதி பார்த்துப் போக வேண்டும் என்று பலகை இருந்ததே, அது என்ன?

ஒத்தையடி:
ஓடை ஓரமாக வளைந்து வளைந்து இறங்குகிற குறுகிய பாதை, எல்லாருக்கும் பிடித்தது. நடக்கிறவர் ஏறி வர, பைக் வேகமாக இறங்கி வர, எதிரே வருவது தெரியாத வளைவில் இருவரும் திடுக்கிட்டு நிற்பது வழக்கமாக இருந்தது. அதனால் நாளைப் பிரித்தார்கள். இரட்டைப்படைத் தேதியில் இறங்குகிற பைக்குகள் மட்டும். ஒற்றைப்படைத் தேதியில் நடக்கிறவர்கள், குதிரைகள், ஏறுகிற பைக்குகள், அன்று பைக்கில் இறங்கக்கூடாது. போல்கேட் சுற்றுப்பாதையில் வேறு ஏற்பாடு, நடந்தாலும் ஓட்டினாலும் எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில். மற்ற இடங்களில் பொது விதி: இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும், பைக் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட வேண்டும். குதிரை வந்தால் சரிவின் கீழ்ப்பக்கமாக இறங்கி நின்று, குதிரைக்காரரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது, ஹெல்மெட்டோடு சத்தமில்லாமல் நிற்கிற உருவம்தான் அதற்குப் பேய்.

வேகவிரும்பி:
இதில் எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 31ஆம் தேதி ஒற்றை. மறுநாள் 1ஆம் தேதி, அதுவும் ஒற்றை. வருஷத்துக்கு ஏழு மாதம் 31 நாள். இறங்குகிறவனுக்கு மட்டும் வருஷம் முழுக்கக் கணக்கில் நஷ்டம். இதை யார் கேட்பது?

மாடிவீட்டுக்காரி:
நடக்கிற நாங்கள் கேட்க மாட்டோம்.

ஒத்தையடி:
அந்த இரண்டு நாளும் ஹல்ஸ் கல்ச் வழியே ஏறி, மேலே கிரெஸ்ட்லைன் என்கிற பாதையில் சேர்ந்து அந்தப் பக்கமாக இறங்குங்கள். புதுச்சக்கரம், நீங்களும் முதலில் அதையே செய்யலாம், ஏற்றம் நிதானமானது. இந்த வாரம் வேண்டாம், புதன்கிழமை இன்னொரு மழை சொல்லியிருக்கிறார்கள்.